ஒரு பல்லவியும் அதைக் கேட்ட செவிகளும்



இந்த மேடையில் பெரும்பாலும் சங்கப் பாடல்களும் காப்பியங்களுமே பேசுபொருளாக இருந்து வந்திருக்கின்றன. இந்த ஆண்டு ஓர் அமெரிக்க ராக் பாடலை எடுத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அமைப்பாளர்கள் தயங்காமல் இசைந்தார்கள். அவர்களுக்கு என் நன்றி. பாட்டு வேற்று நாட்டுடையது என்றாலும், அது கிளப்பும் கேள்வி பாட்டு படிக்கும் எல்லாருக்கும் உரியது. ஒரே பாட்டைக் கேட்ட இரண்டு பேர் நேரெதிரான பொருளை எடுத்துக்கொண்டு போனால், யார் பக்கம் நியாயம்?

பாட்டின் பெயர் 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.'. எழுதிப் பாடியவர் நியூஜெர்சிக்காரரான புரூஸ் ஸ்பிரிங்ஸ்டீன். 1984 ஜூன் 4 அன்று இதே பெயரில் வெளியான இசைத்தொகுப்பின் முதல் பாட்டு இது. அந்தத் தொகுப்பிலிருந்து 7 பாடல்கள் அமெரிக்க விற்பனைப் பட்டியலின் முதல் பத்து இடங்களுக்குள் வந்தன. அந்த நாட்டில் மட்டும் ஒன்றரைக் கோடிப் பிரதிகளுக்கு மேல் விற்ற தொகுப்பு. அதன் அட்டையில் பாடகரின் முகம் கிடையாது. அமெரிக்கக் கொடியின் சிவப்பு, வெள்ளைப் பட்டைகளுக்கு முன்னால் நீல ஜீன்ஸ் அணிந்த ஒருவரின் முதுகுப்புறம், பின்பையில் செருகிய சிவப்புத் தொப்பி, அவ்வளவுதான். ஆனி லைபோவிட்ஸ் எடுத்த படம். பாட்டைக் கேட்பதற்கு முன்பே அட்டையைப் பார்த்துச் சண்டை தொடங்கிவிட்டது. கொடிக்கு வணக்கம் என்றார்கள் சிலர். கொடியை அவமதிக்கிறார் என்றார்கள் சிலர்.

பாட்டுக்குள் வருவோம். வரிகளை இங்கே நான் சொல்லப்போவதில்லை, கதையைச் சொல்கிறேன். உயிர்ப்பில்லாத ஒரு சிற்றூரில் பிறந்தவன் பேசுகிறான். பிறந்தது முதல் அடிதான். அடிக்கு அஞ்சி ஒடுங்கியே பாதி வாழ்க்கை கழிந்துவிட்டது. ஊரில் ஏதோ ஒரு வம்பில் மாட்டிக்கொள்கிறான். கையில் துப்பாக்கியைக் கொடுத்து வியட்நாமுக்கு அனுப்பிவிடுகிறார்கள். திரும்பி வந்து எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையில் வேலை கேட்கிறான். ஆள் எடுப்பவர், தன் கையில் ஒன்றும் இல்லை என்று நழுவுகிறார். முன்னாள் படைவீரர் நல அலுவலகத்துக்குப் போனால் அங்கும் கை விரிக்கிறார்கள். கே சான் போர்முனையில் நின்ற சகோதரன் ஒருவன் அவனுக்கு இருந்தான். எதிரிகள் இன்னும் அங்கேயே இருக்கிறார்கள், சகோதரன்தான் இல்லை. சைகோனில் அவன் நேசித்த பெண்ணின் அணைப்பில் அவன் இருக்கும் ஒரு புகைப்படம் மட்டும் மிச்சம். பத்தாண்டுகள் கழித்து, சிறைச்சாலையின் நிழலுக்கும் ஆலையின் எரிவாயுத் தீக்கும் நடுவே, போக வழியில்லாமல் நிற்கிறான்.

இவை சரணங்கள். பல்லவி என்ன? தலைப்புதான் பல்லவி. இந்த நாட்டில் பிறந்தவன் நான் என்னும் ஒரே செய்தி, தொண்டை கிழியும் குரலில், திரும்பத் திரும்ப. அதன் கீழே ராய் பிட்டனின் சின்தசைசர் ஒரு சிறு இசைத்தொடரை விடாமல் வாசிக்கிறது. மாக்ஸ் வைன்பெர்க்கின் முரசடி பீரங்கி வெடிப்பதுபோல் விழுகிறது. பாட்டு முழுவதும் இரண்டே சுருதிக்கூட்டுகள்தான், வேறெங்கும் நகர்வதில்லை. அரங்கில் கூடிய பல்லாயிரம் பேர் கை உயர்த்திச் சேர்ந்து பாடுவதற்கென்றே அமைந்தது போன்ற பல்லவி. ஆங்கிலம் தாய்மொழியாக இல்லாத நம்மைப் போன்றவர்கள் ஒலிநாடாவில் கேட்டபோது காதில் தெளிவாக விழுந்ததும் அது ஒன்றுதான்.

இந்த இடத்தில் பாட்டின் கட்டுமானத்தில் ஒன்றைக் கவனிக்கச் சொல்கிறேன். தொடக்கச் சரணங்கள் நான்கு நான்கு அடிகள் கொண்டவை. சகோதரனைப் பற்றிய சரணம் வரும்போது மூன்று அடிகளோடு குரல் நின்றுவிடுகிறது. நான்காவது அடி வரவேண்டிய இடத்தில் வாத்தியங்கள் மட்டும் ஓடுகின்றன. அடுத்து, சைகோன் பெண்ணையும் புகைப்படத்தையும் சொல்லும் இடத்தில் இரண்டே அடிகள். மீதி வெறும் இசை. இறந்தவனைப் பற்றிப் பேசப் பேச வார்த்தை குறைந்துகொண்டே போகிறது. தாளம் ஒரு மாத்திரைகூடக் காத்திருப்பதில்லை. அந்த வெற்றிடத்தை ஒருமுறை கவனித்துவிட்டவருக்கு அடுத்து வரும் பல்லவி பழையபடி ஒலிக்காது. சொல் மாறவில்லை, சொல்கிறவன் என்ன இழந்தான் என்பது இப்போது நமக்குத் தெரியும். நம் கீர்த்தனைகளிலும் ஒவ்வொரு சரணத்தின் முடிவிலும் பல்லவிக்குத் திரும்பும்போது அது கொஞ்சம் கனம் கூடித்தான் வருகிறது. பாட்டுக் கேட்டுப் பழகியவர்களுக்கு இது புதிதல்ல.

இந்தப் பாட்டு உருவான விதம் அதன் இருமுகத்துக்குக் கொஞ்சம் விளக்கம் தருகிறது. வியட்நாம் போரில் இரண்டு கால்களும் செயலிழந்து திரும்பிய ரான் கோவிக் எழுதிய தன்வரலாற்றை ஸ்பிரிங்ஸ்டீன் படித்தார்; அவரைச் சந்திக்கவும் செய்தார். அந்தத் தொடர்பில் பாபி முல்லர் அறிமுகமானார். அவரும் போரில் முதுகுத்தண்டில் குண்டு பாய்ந்து சக்கர நாற்காலிக்கு வந்தவர். வியட்நாம் வீரர்களுக்கான சங்கத்தை நிறுவியவர். 1981 ஆகஸ்ட் 20 அன்று லாஸ் ஏஞ்சலஸில் அந்தச் சங்கத்துக்காக ஸ்பிரிங்ஸ்டீன் நிதி திரட்டும் கச்சேரி நடத்தினார். ஏறக்குறைய அதே காலத்தில் திரைக்கதை எழுத்தாளர் பால் ஷ்ரேடர் ஒரு திரைக்கதையை அவருக்கு அனுப்பியிருந்தார். அதன் தலைப்பு 'பார்ன் இன் த யு.எஸ்.ஏ.'. தலைப்பு அங்கிருந்து வந்தது. பொருள் வீரர்களிடமிருந்து வந்தது.

1982 ஜனவரியில் நியூஜெர்சியில் ஒரு வாடகை வீட்டில், நான்கு தடக் கேசட் கருவி ஒன்றில், தனியாளாகக் கிதார் மீட்டி அவர் பல பாடல்களைப் பதிவுசெய்தார். அந்தப் பதிவுகளில் பெரும்பாலானவை அப்படியே 'நெப்ராஸ்கா' என்ற தொகுப்பாக அதே ஆண்டு வெளிவந்தன. நமது பாட்டும் அந்தக் கேசட்டில் இருந்தது. அதில் முரசும் இல்லை, முழக்கமும் இல்லை. எதிரொலியில் தேயும் ஒற்றைக் குரல் மட்டும், பேய் பிடித்தது போல. சில மாதங்களில் நியூயார்க்கின் பவர் ஸ்டேஷன் ஒலிப்பதிவுக்கூடத்தில் தம் குழுவினரோடு அதே பாட்டை எடுத்தபோது அது இடிமுழக்கமாக மாறிவிட்டது. கேசட் வடிவம் 1998இல் 'டிராக்ஸ்' என்னும் தொகுப்பில்தான் வெளியுலகுக்குக் கிடைத்தது. அதுவரை 14 ஆண்டுகள் உலகம் கேட்டது இடிமுழக்கத்தை மட்டுமே.

இனி 1984க்கு வருவோம். ரொனால்ட் ரேகன் இரண்டாம் முறை அதிபராகப் போட்டியிட்ட ஆண்டு. அமெரிக்காவில் மறுபடியும் விடிந்துவிட்டது என்பது அவர் தரப்பின் விளம்பரச் செய்தி. அந்த ஆகஸ்டில் பழமைவாதப் பத்தி எழுத்தாளர் ஜார்ஜ் வில், வாஷிங்டனை அடுத்த ஓர் அரங்கில் நடந்த ஸ்பிரிங்ஸ்டீன் கச்சேரிக்குப் போனார். செப்டம்பரில் அதைப் பற்றிப் பத்தி எழுதினார். அந்தப் பத்தியைப் பலரும் படிக்காமலே பழிக்கிறார்கள் என்பதால் சற்று நின்று பார்க்க விரும்புகிறேன். ஸ்பிரிங்ஸ்டீனின் அரசியல் தமக்குத் தெரியாது என்று வில் எழுதினார். மூடிய ஆலைகளைப் பற்றியும் கடினமான காலத்தைப் பற்றியும் அவர் பாடுகிறார் என்பதையும் எழுதினார். ஆனால் அந்தத் துயரப் பட்டியலுக்கு இடையிடையே உற்சாகமான ஓர் உறுதிமொழிபோலத் தலைப்பு வரி வந்துகொண்டேயிருக்கிறது என்பது அவர் கணிப்பு. அதாவது வில் சரணங்களைக் கேட்கவே கேட்டார். கேட்டுவிட்டு, பல்லவியே வெல்கிறது என்று தீர்மானித்தார். செவிக்குறை என்று அதைத் தள்ளிவிட முடியாது. அது எடைபோட்டதில் வந்த பிசகு.

செப்டம்பர் 19 அன்று நியூஜெர்சியின் ஹாமண்டன் நகரில் பிரச்சாரம் செய்த ரேகன், அமெரிக்காவின் எதிர்காலம் மக்களின் கனவுகளில் இருக்கிறது என்று பேசி, அம்மாநிலத்து மைந்தர் ஸ்பிரிங்ஸ்டீனின் பாடல்கள் தரும் நம்பிக்கைச் செய்தியிலும் அது இருக்கிறது என்றார். ரேகன் இந்தப் பாட்டைக் கூட்டத்தில் ஒலிக்கவிட்டார், மேற்கோள் காட்டினார் என்றெல்லாம் இன்று சொல்லப்படுகிறது. அந்த உரையில் பாட்டின் பெயரே வரவில்லை. பாடகரின் பெயர் மட்டுந்தான் வந்தது. கேட்டவர்கள் மனத்தில் அந்த ஆண்டு அந்தப் பெயரோடு ஒட்டியிருந்த பல்லவி தானாக ஒலித்துக்கொண்டது. எதிர்த்தரப்பு வேட்பாளர் வால்டர் மாண்டேலும் சும்மா இருக்கவில்லை. ஸ்பிரிங்ஸ்டீனின் ஆதரவு தமக்கே என்று அவர் தரப்பு சொல்லி, பாடகர் தரப்பு மறுத்ததும் பின்வாங்கியது.

சில நாட்களில் பிட்ஸ்பர்க் கச்சேரி. உருக்காலைகள் மூடி ஆயிரக்கணக்கானோர் வேலை இழந்திருந்த நகரம். மேடையில் ஸ்பிரிங்ஸ்டீன், அதிபர் தம் பெயரைச் சொன்னதாகக் கேள்விப்பட்டதாகவும், அவருக்கு மிகவும் பிடித்த தொகுப்பு எதுவாக இருக்கும் என்று யோசித்ததாகவும், அது 'நெப்ராஸ்கா'வாக இருக்க வாய்ப்பில்லை என்றும் சொல்லிவிட்டு, அந்தத் தொகுப்பிலிருந்தே ஒரு பாட்டைப் பாடினார். நியூஜெர்சியின் மாவா நகரில் கார் ஆலை மூடியதும் வேலை போய், குடித்துவிட்டுக் கொலை செய்தவனின் கதை அது. அங்கே ஃபோர்டு ஆலை 1980இல் உண்மையிலேயே மூடப்பட்டது. பாடகர் தமக்கு வந்த தவறான உரைக்கு மறுப்புரை எழுதவில்லை; இன்னொரு பாட்டைக் கொண்டு பதில் சொன்னார். கிரைஸ்லர் கார் நிறுவனம் இந்தப் பாட்டை விளம்பரத்துக்குக் கேட்டுப் பெருந்தொகை தர முன்வந்தபோது அவர் மறுத்ததும் இந்த வரிசையில் சேரும்.

மக்கள் தாம் கேட்க விரும்புவதையே கேட்கிறார்கள் என்று சொல்வதுண்டு. அதை முழுக்க நிரூபிக்கும் பாட்டு ஒன்று உண்டு; ஆனால் அது இதுவல்ல. ரிச்சர்ட் பெரி என்பவர் 1957இல் வெளியிட்ட 'லூயி லூயி', தன் காதலியை நினைத்து ஏங்கும் கடலோடி ஒருவன் மதுக்கடைக்காரரிடம் பேசும் எளிய பாட்டு. 1963இல் போர்ட்லாண்டைச் சேர்ந்த கிங்ஸ்மென் குழு அதைப் பதிவுசெய்தபோது பாடியவரின் உச்சரிப்பு குழம்பிப்போனது. இளைஞர்கள் அதற்குள் ஆபாசம் இருப்பதாகக் கேட்டார்கள். 'உண்மையான வரிகள்' என்று தாளில் எழுதிக் கைமாற்றினார்கள். பெற்றோர் ஒருவர் அமெரிக்கத் தலைமை வழக்கறிஞருக்கே முறையிட்டார். இந்தியானா ஆளுநர், வானொலியில் ஒலிபரப்ப வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். எஃப்.பி.ஐ. இசைத்தட்டை வெவ்வேறு வேகங்களில் சுழலவிட்டுக் கேட்டுப் பார்த்து, எந்த வேகத்திலும் ஒன்றும் விளங்கவில்லை என்று முடிவுக்கு வந்தது. அங்கே சொல் இல்லாத இடத்தைக் கேட்டவரின் மனம் நிரப்பியது. ஸ்பிரிங்ஸ்டீன் பாட்டில் சொற்கள் இருக்கின்றன, தெளிவாகவே இருக்கின்றன. உறையில் அச்சிட்டும் இருக்கின்றன. இந்த இரண்டு வகையையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பக் கூடாது. முதல்வகையில் சரி, தவறு என்பதற்கே இடமில்லை. இரண்டாம் வகையில் உண்டு.

ஸ்பிரிங்ஸ்டீனின் பாட்டை முதலில் தம்முடையதாக எடுத்துக்கொண்டவர்களில் போரிலிருந்து திரும்பியவர்கள் முக்கியமானவர்கள். வியட்நாமில் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் இறந்தார்கள். திரும்பி வந்தவர்களை வரவேற்க ஆளில்லை. வாஷிங்டனில் அவர்களுக்கான நினைவுச் சுவர் எழுந்ததே 1982 நவம்பரில்தான்; பாட்டு அதற்கு முன்பே பதிவாகிவிட்டது. ஸ்பிரிங்ஸ்டீனின் முதல் குழுவில் முரசு வாசித்த பார்ட் ஹேன்ஸ் 1967இல் அங்கே இறந்தார். நியூஜெர்சியில் ஸ்பிரிங்ஸ்டீன் வியந்து பார்த்த பாடகர் வால்டர் சிசோன் 1968இல் போர்க்களத்தில் காணாமற்போனார். ஸ்பிரிங்ஸ்டீனைப் படையில் எடுக்கவில்லை. மருத்துவச் சோதனையில் தள்ளிவிட்டார்கள். தமக்குப் பதிலாகப் போனவர் யாரோ என்ற எண்ணம் தம்மை விட்டதில்லை என்று பிற்காலத்தில் மேடையிலும் எழுத்திலும் அவர் சொல்லியிருக்கிறார். போரில் நின்ற வீரர் பலர் இந்தப் பல்லவியைச் சேர்ந்து முழங்கினார்கள் என்றால், அது வஞ்சப்புகழ்ச்சி என்று எண்ணி முழங்கவில்லை. இது எங்கள் நாடு, இங்கே பிறந்தவர்கள் நாங்கள், எங்களுக்கு ஏன் இந்தக் கதி என்று கேட்டார்கள். பெருமையும் புகாரும் ஒரே மூச்சில் வந்தன. கல்விப்புலத்தில் இதை அழுத்தமாக எடுத்துச் சொன்னவர்கள் ஜெஃபர்சன் கோவியும் லாரன் போமும். 2006இல் வெளியான அவர்கள் கட்டுரை, இசைக்கும் சொல்லுக்கும் உள்ள முரண் பாடகரின் கைப்பிசகு அல்ல, அதுவே பாட்டின் கருத்து என்று வாதிட்டது. வேலை, ஊர், உறவு எல்லாம் போன உழைப்பாளிக்குக் கடைசியில் கையில் எஞ்சுவது தேசம் என்ற பெயர் மட்டுந்தான் என்பதை அந்தப் பல்லவியே காட்டுகிறது என்பது அதன் சாரம்.

உரை எழுதுகிறவர்கள் எல்லாரும் கட்டுரையாளர்கள் அல்லர்; பாட்டுக்கு மறுபாட்டு எழுதியவர்களும் உரையாசிரியர்களே. 1985இல் மெக்சிகோ வழிவந்த அமெரிக்க நகைச்சுவை நடிகர் சீச் மாரின், இதே மெட்டில் 'பார்ன் இன் ஈஸ்ட் எல்.ஏ.' என்று பாடினார். 1987இல் அதே பெயரில் படமும் எடுத்தார். லாஸ் ஏஞ்சலஸின் கிழக்குப் பகுதியில் பிறந்து வளர்ந்த ஒருவனை, அடையாளச் சான்று கையில் இல்லாததால் குடியேறி என்று பிடித்து மெக்சிகோவுக்கு நாடுகடத்திவிடுகிறார்கள். சிரிக்க வைக்கும் படம். ஆனால் ஸ்பிரிங்ஸ்டீனின் பல்லவிக்குள் யாரும் கவனிக்காதிருந்த ஒரு கேள்வியை மாரின் எடுத்து வெளியே வைத்தார். இங்கே பிறந்தவன் நான் என்று உரக்கச் சொல்ல வேண்டிய தேவை யாருக்கு வருகிறது? யாருடைய பிறப்பைச் சந்தேகிக்கிறார்களோ அவருக்குத்தான் வருகிறது. ஸ்பிரிங்ஸ்டீனின் நாயகன் வெள்ளையன். அவனுடைய பிறப்பை யாரும் கேள்வி கேட்கவில்லை. பிறந்ததால் கிடைக்க வேண்டியதைத்தான் மறுத்தார்கள். மாரினின் நாயகனுக்கு இரண்டுமே மறுக்கப்பட்டன. மூலத்துக்கு மாறாகச் செல்லாமல் மூலத்தை விரித்த உரை இது. எனக்குத் தெரிந்து இந்தப் பாட்டுக்கு எழுதப்பட்ட மிக நுட்பமான விளக்கங்களில் ஒன்று.

1990இல் ஃபுளோரிடாவைச் சேர்ந்த கறுப்பின ராப் குழுவான 2 லைவ் க்ரூ, தங்கள் தொகுப்பை நீதிமன்றம் ஆபாசம் என்று அறிவித்துத் தாங்களும் கைதான பிறகு, ஸ்பிரிங்ஸ்டீனின் அனுமதியோடு இதே இசையில் 'பேன்ட் இன் த யு.எஸ்.ஏ.' என்று பாடியது. பிறப்புரிமை அங்கே பேச்சுரிமையாயிற்று.

ஆனால் இந்தப் பாட்டின் வரலாற்றில் என்னை மிகவும் ஆட்கொண்ட நாள் 1988 ஜூலை 19. இடம், கிழக்கு பெர்லினின் வைசன்ஸே சைக்கிள் பந்தய மைதானம். கம்யூனிஸ்ட் அரசின் இளைஞர் அமைப்பு ஸ்பிரிங்ஸ்டீனை அழைத்திருந்தது. தொழிலாளி வீட்டுப் பிள்ளை, அமெரிக்காவின் வறுமையைப் பாடுகிறவர், ரேகனோடு ஒத்துப்போகாதவர் என்பதால் அவர் அந்த அரசுக்கு ஏற்புடையவராகத் தெரிந்தார். ரேகன் பல்லவியைக் கேட்டார் என்றால், கிழக்கு ஜெர்மனி சரணங்களைக் கேட்டது என்று சொல்லலாம். நுழைவுச்சீட்டு வாங்கியவர்கள் மட்டும் 1,60,000 பேர் அளவில். வந்தவர்கள் அதைவிட அதிகம். பாட்டு தொடங்கியது. அந்தக் கூட்டத்தில் வீட்டில் துணி வெட்டித் தைத்த அமெரிக்கக் கொடிகள் ஆடின. அமெரிக்காவில் ஒருநாளும் பிறந்திராத, அங்கே போகவும் அனுமதியில்லாத இளைஞர்கள் இந்த நாட்டில் பிறந்தவன் நான் என்று வேறொரு நாட்டைப் பற்றி முழங்கினார்கள்.

அவர்கள் தவறாகக் கேட்டார்களா? அச்சான வரியை வைத்துப் பார்த்தால் அந்தப் பாட்டு அவர்களுக்கு எதையும் உறுதி தரவில்லை. அமெரிக்காவில் வேலை கிடைக்காதவனின் பாட்டு அது. ஆனால் தன் அரசு தன்னை வஞ்சித்தது என்று இலட்சம் பேர் நடுவே ஒருவர் உரக்கப் பாட முடிகிறது, பாடிவிட்டு வீடு திரும்ப முடிகிறது. அதையே அவர்கள் கேட்டார்கள். சரணத்தில் உள்ள புகாரே அவர்களுக்குச் சுதந்திரத்தின் அடையாளம். அரசு விரும்பி அழைத்த காரணமும் மக்கள் கொடி தைத்த காரணமும் ஒன்றே. அன்றிரவு ஸ்பிரிங்ஸ்டீன் தட்டுத்தடுமாறி ஜெர்மனில் சில வாக்கியங்கள் பேசினார். தாம் எந்த அரசுக்கும் ஆதரவாகவோ எதிராகவோ வரவில்லை, எல்லாத் தடைகளும் ஒருநாள் அகலும் என்ற நம்பிக்கையில் பாட வந்ததாகச் சொன்னார். 1989 நவம்பர் 9 அன்று பெர்லின் சுவர் திறந்தது. ஒரு கச்சேரிதான் சுவரை வீழ்த்தியது என்று சொல்பவர்களோடு நான் உடன்படவில்லை. அதற்கு வேறு பெரிய காரணங்கள் உண்டு. இங்கே எனக்கு வேண்டியது, ஒரு பாட்டு எத்தனை தூரம் போய் யாருடைய வாயில் உயிர்பெறும் என்பதை எழுதியவர் முன்கூட்டியே தீர்மானிக்க முடியாது என்பதே.

அப்படியானால் எழுதியவருக்கு என்ன இடம்? ஸ்பிரிங்ஸ்டீன் தாமே உரை எழுத முயன்றார். 1995இல் தொடங்கிய தனிக் கச்சேரிப் பயணத்தில் முழக்கத்தைக் கைவிட்டு, ஸ்லைடு கிதாரோடு, மெட்டே அடையாளம் தெரியாதபடி மாற்றிப் பாடினார். 2017இல் பிராட்வே அரங்கிலும் அப்படியே. கூட்டம் சேர்ந்து பாட அங்கே இடமே இல்லை. 2016இல் வெளியிட்ட தன்வரலாற்றில், தம் பாட்டுகளில் மிகவும் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டவற்றுள் இது ஒன்று என்று எழுதினார். சரணங்கள் துயரப் பாட்டு, பல்லவியோ பிறந்த மண்ணின் பெருமையோடு அந்த மண்ணை விமர்சிக்கும் உரிமையையும் கோருவது என்பது அவர் விளக்கம். எனக்கு இதில் முக்கியமாகப் படுவது வேறு. இவ்வளவு சொன்ன பிறகும் அவர் குழுவோடு பாடும்போது முரசு அதிரும் பழைய வடிவத்தைக் கைவிடவில்லை. தனிக்குரல் வடிவம்தான் உண்மையானது என்று அவருக்கே தோன்றியிருந்தால், 1984இல் அதையே வெளியிட்டிருக்கலாம். கேசட் அவர் கையில்தான் இருந்தது.

நம் அகப்பாடல் ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு குறிப்பு இருக்கும். தலைவி சொன்னது, தோழி சொன்னது, தலைவன் கேட்கச் சொன்னது என்று. கூற்று யாருடையது என்று தெரியாமல் பாட்டுக்குள் நுழையாதே என்று பழைய ஆசிரியர்கள் நமக்குப் போட்ட வேலி அது. ராக் பாட்டுக்கு அப்படிக் குறிப்பு எழுதுபவர் இல்லை. பாடுகிறவரின் முகமே கூற்றுக்குரியவரின் முகமாகிவிடுகிறது. முறுக்கேறிய புயங்கள், தலையில் கட்டிய துணி, நெற்றியில் வேர்வை. 1984இல் மேடையில் நின்றவர் வெற்றிபெற்ற நாயகர். பாட்டில் பேசுகிறவனோ தோற்றுப்போனவன். இந்த இருவரையும் ஒன்றாகக் கொண்டதில்தான் ஜார்ஜ் வில்லின் தராசு சாய்ந்தது. பாட்டின் இறுதியில் நாயகன், தான் இன்னும் மிடுக்குக் குலையாதவன் என்கிற பாவனையில் தன்னைச் சொல்லிக்கொள்ளும் இடம் உண்டு. அதை மேடையில் இருப்பவர் சொல்வதாகக் கேட்டால் கொண்டாட்டம். சிறைக்கும் ஆலைக்கும் நடுவே நிற்பவன் சொல்வதாகக் கேட்டால் நெஞ்சு அடைக்கும்.

என் முடிவைச் சொல்லிவிடுகிறேன். எல்லாப் பொருளும் சமம் என்று நான் கருதவில்லை. பாட்டின் எவ்வளவு பகுதிக்கு ஒரு விளக்கம் கணக்குச் சொல்கிறதோ, அவ்வளவுக்கு அது வலியது. சரணங்களை ஓரங்கட்டினால்தான் நிற்கும் தேசபக்தி விளக்கம் பலவீனமானது. அதே அளவுகோலை மறுபுறமும் வைக்கிறேன். இது எதிர்ப்புப் பாட்டு, பல்லவி வெறும் கேலி, அது தெரியாமல் கை உயர்த்தியவர்கள் எல்லாம் ஏமாளிகள் என்று சொல்லும் விளக்கம் இன்று படித்தவர்கள் மத்தியில் செல்வாக்குள்ளது. அதுவும் பாதிப் பாட்டை விட்டுவிடுகிறது. அந்தக் குரலில் கேலி இல்லை. அந்த முரசில் கேலி இல்லை. தன்னைக் கைவிட்ட நாட்டை இன்னும் தன் நாடு என்றே உரிமை கொண்டாடும் ஒருவனின் வெறி அதில் இருக்கிறது. அரங்கில் சேர்ந்து முழங்கிய உருக்காலைத் தொழிலாளியையும் முன்னாள் படைவீரரையும் அறியாதவர் என்று ஒதுக்கும் திறனாய்வு, அந்தப் பாட்டு யாருக்காக எழுதப்பட்டதோ அவர்களையே ஒதுக்குகிறது. இதில் எனக்கு உறுதியான கோபம் உண்டு.

மாணவர்களுக்கு ஒரு வேண்டுகோள். 1982இன் கேசட் வடிவமும் 1984இன் குழு வடிவமும் இன்று எளிதில் கிடைக்கின்றன. விளக்கங்களைப் படிப்பதற்கு முன், வரிகளைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். சகோதரனைப் பற்றிய சரணத்தில் நான்காவது அடி இல்லாத இடத்தில் உங்களுக்கு என்ன ஆகிறது என்பதைக் குறித்துவையுங்கள். பிறகு என்னோடு மாறுபடுங்கள், எழுத்தில் மாறுபடுங்கள். அந்தக் கட்டுரைகளை வாங்கிப் படிக்க நான் ஆவலோடு காத்திருக்கிறேன்.